மூடியில் ஓர் ஓட்டை

...கோளாறு பிளக்கிலும் இல்லை, இக்னிஷன் காயிலிலும் இல்லை, அப்புறம் என்னதான் வேணும் உனக்கு, எருமை, என்று வாய்க்குள்ளேயே கேட்டுக்கொண்டு அவள் பிளக்கை வேஸ்ட் துணியில் துடைத்து வாசல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள், நுனி நல்ல காப்பித்தூள் நிறத்தில் இருந்தது, ஒரு குறை சொல்ல முடியாது, குறை சொல்ல முடியாததுதான் இப்போது குறை, ஏதாவது ஒன்று கரிந்தோ உடைந்தோ கிடந்தால் மாற்றிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கலாம், எல்லாமே நன்றாக இருந்துகொண்டு வண்டி மட்டும் நின்றுபோனால் யாரைப் பிடித்து உலுக்குவது... எருமை என்பது வண்டிக்கு வீட்டில் வைத்த பெயர், நாலு சக்கரமும் குண்டு குண்டாக, பைக் மாதிரிக் கைப்பிடியும் டிராக்டர் மாதிரித் திமிருமாக, சேறு கல் பள்ளம் எதையும் சட்டை செய்யாமல் ஏறுகிற ரகம், யாரோ ஒரு காண்ட்ராக்டர் ஓட்டித் தேய்த்து ஓரங்கட்டியதை இழுத்துக்கொண்டு வந்து வருஷங்கள் ஆகிவிட்டன, பெயிண்ட் போய்விட்டது, கிழிந்த சீட்டில் பழைய தார்ப்பாயை வைத்து அவளே தைத்திருக்கிறாள், ஆனால் இன்ஜின் மட்டும், கயிற்றைப் பிடித்து ஒரே இழுப்பு, பட்பட்டென்று கிளம்பிவிடும். இப்போதும் கிளம்புகிறதே, அதுதானே வயிற்றெரிச்சல், சமர்த்தாகக் கிளம்பித் தெருவைத் தாண்டி, பஞ்சர் கடையைத் தாண்டி, ஓடைப் பாலம் வரைக்கும் ஒழுங்காகப் போய், மேடு ஆரம்பிக்கிற இடத்தில், பேசிக்கொண்டே இருந்தவன் பாதியில் தூங்கிப்போகிற மாதிரி, ரெண்டு இருமல், ஒரு இழுவை, அவ்வளவுதான். கொஞ்ச நேரம் கழித்து ஒன்றுமே நடக்காத மாதிரி மறுபடி கிளம்பும். செத்தது செத்ததாகவும் இருக்காது, பிழைத்தது பிழைத்ததாகவும் இருக்காது. ஊரில் உள்ள பம்ப்செட்டுகளுக்கெல்லாம் வைத்தியம் பார்க்கிறவள் வீட்டில் இப்படி ஒரு நோயாளி, வெளியே தெரிந்தால் சிரிப்பார்கள், தெரியாமலா இருக்கும், பஞ்சர் கடைக்காரன் நேற்றே சிரித்தாயிற்று.

‘என்ன அண்ணி, பிளக்குக்குப் பல்லு வெளக்கியாச்சா?’ என்றாள் மிளகா. கவிழ்த்துப் போட்ட வாளியில் உட்கார்ந்து, சூம்பிய இடது காலைப் பழைய டயர்மேல் நீட்டிக்கொண்டு, ரொட்டிப் பாக்கெட்டுகளைப் பைக்குள் அடுக்கிக்கொண்டிருந்தாள், பக்கத்தில் ரெண்டு டீ கேன், மத்தியான டீ, மேட்டுக்கு மேலே கல்லுடைக்கிற ஆட்களுக்கு அவள்தான் கொண்டுபோக வேண்டும், எருமைமேல் ஏற்றிக்கொண்டு. மிளகா, இவள் புருஷனுடைய தங்கை. அவளுக்குச் சின்ன வயதில் காய்ச்சலில் கால் போனது, வாய் அதற்கும் சேர்த்து வளர்ந்தது, அதனால் மிளகா. புருஷன் கொத்து வேலை, இவள் அவனைக் கொத்தனாரே என்பாள், அவன் இவளை மெக்கானிக் என்பான், கல்யாணமான புதிதில் கேலியாக ஆரம்பித்தது, இப்போது வேறு எதுவும் வாயில் வருவதில்லை, பக்கத்து வீட்டுக்காரி ஒருநாள் கேட்டாள், ரெண்டு பேரும் சண்டையா, பேர் சொல்லிக்கவே மாட்டேங்கறீங்களே என்று... சண்டை இல்லை, சண்டை என்றால் இன்று காலையில் நடந்ததுதான், அதுவும் அண்ணனுக்கும் தங்கைக்கும் நடுவில், இவள் வெறுமனே தட்டுகளைக் கழுவிக்கொண்டு நின்றாள். ‘மேடு ஏறிச்சுன்னா வண்டி வீட்டுல இருக்கட்டும். ஏறலைன்னா பழைய இரும்புக்காரன் லாரியில ஏறட்டும். மத்தியானம் வரச் சொல்லியிருக்கேன்.’ ‘அப்ப நானு?’ ‘நீ உக்காந்து சாப்பிடு. அண்ணன் சம்பாதிக்கலையா?’ ‘உக்காந்து சாப்பிட எனக்கு ரெண்டு காலுமா போச்சு? ஒண்ணுதானே போச்சு.’ அவன் பூச்சுக் கரணையைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டான், மிளகா மீதி டீயைச் சத்தமாக உறிஞ்சினாள்.

உட்கார்ந்து சாப்பிடு. அன்பாகத்தான் சொல்கிறான், அதில் சந்தேகம் இல்லை, ஆனால் சுமை தூக்குகிறவர்கள் வீட்டில் பிறந்தவளுக்கு அந்த வார்த்தையின் எடை தெரியும், அப்பாவுக்கு முதுகு போனபோது எல்லோருமாகச் சேர்ந்து அன்பாகத்தான் உட்கார வைத்தார்கள், முதலில் வேலை சொல்ல மாட்டார்கள், அப்புறம் யோசனை கேட்க மாட்டார்கள், கடைசியில் சாப்பிட்டாயா என்பது மட்டும்தான் மிச்சம்... மிளகாவை அப்படி நினைத்துப் பார்க்கவே முடியவில்லை, ஜன்னலோரம் உட்கார்ந்து தெருவில் போகிறவர்களையெல்லாம் நாக்காலேயே கொன்றுபோடுவாள். எருமைமேல் ஏறினால் அவளும் மற்றவர்களும் ஒரே உயரம், ஏன், ஒரு சாண் கூடவே. அதற்காக அவன் பயப்படுவது பொய்யா? போன மழையில் மேட்டு வளைவில் வண்டி வழுக்கிப் பள்ளத்தில் சாய்ந்தபோது தங்கையை முதுகில் சுமந்துகொண்டு இறங்கி வந்தானே, வாசலில் இறக்கி வைத்த பிறகும் அவள் கையை விடாமல் பிடித்துக்கொண்டே இருந்தான், இவள்தான் பார்த்தாள், மிளகாவோ முதுகில் இருந்தபடியே, ‘அண்ணே, ஹாரன் எங்க இருக்கு உனக்கு?’ என்று கேட்டுக்கொண்டு வந்தாள்... சரி, சரி, அதெல்லாம் இருக்கட்டும், பாலத்துக்கு அப்புறம் ஏன் நிற்கிறது, அதைச் சொல்லு.

பாட்டில் வைத்தியம் பார்த்துவிட வேண்டியதுதான். டேங்க்கிலிருந்து வருகிற பெட்ரோல் டியூபைக் கழற்றிவிட்டு, ஒரு பாட்டிலில் பெட்ரோல் ஊற்றித் தகரக் கொட்டகையின் குறுக்குக் கம்பியில் தலைகீழாகக் கட்டி, அதிலிருந்து கார்புரேட்டருக்குத் தனியாக ஒரு டியூப் இழுத்துவிட்டாள், பெட்ரோல் ஊற்றும் முன்பே பாட்டிலின் அடியில் ஆணியைச் சுடவைத்து ஒரு துளை போட்டிருந்தாள், இல்லாவிட்டால் இறங்காது. ‘ஆஸ்பத்திரி மாதிரி இருக்கு அண்ணி, நான் வேணா பழம் வாங்கிட்டு வந்து பக்கத்துல உக்காரட்டா?’ ‘வாயைக் கொஞ்சம் மூடிக்கிட்டு உக்காரு, அதுவே போதும்.’ கயிற்றை இழுத்தாள், எருமை கிளம்பியது, ஓடியது, ஓடிக்கொண்டே இருந்தது, மிளகா ரொட்டியை அடுக்கி முடித்து, டீ ஆற்றி, இவளுக்கு ஒரு டம்ளர் கொடுத்து, தானும் குடித்து முடித்த பிறகும் ஓடிக்கொண்டே இருந்தது, கொட்டகைத் தகரம் மெல்ல அதிர்ந்தது, ஆணியில் மாட்டியிருந்த ஸ்பேனர்கள் ஒன்றோடொன்று உரசிக் கிணுகிணுத்தன, வெயில் வாசல்வரை வந்து அவள் பாதத்தைத் தொட்டது... இந்தச் சத்தத்தில் என்னதான் இருக்கிறதோ, ஒழுங்காக ஓடுகிற இன்ஜின் பக்கத்தில் உட்கார்ந்தால் அவளுக்கு உடம்பெல்லாம் தளர்ந்துபோகும், குழந்தை தூங்குகிற வீடு மாதிரி, யாருக்கும் எதுவும் பாக்கி இல்லாத மாதிரி. அப்படியென்றால் கார்புரேட்டர் சுத்தம், இன்ஜின் சுத்தம், கோளாறு மேலே, டேங்க்கில். டியூப்? ஊதிப் பார்த்தாள், காற்று தாராளமாகப் போனது. பெட்ரோல் குழாய்? மூடியைக் கழற்றி டேங்க்கில் நிறைய ஊற்றினாள், குழாயைத் திறந்து அடியில் ஒரு டப்பாவைப் பிடித்தாள், மாடு பால் கறக்கிற மாதிரி கொட்டியது. மேலேயும் இல்லை கீழேயும் இல்லை, நடுவிலேயும் இல்லை... தலையில் கை வைத்துக்கொள்ளப் போய், கையில் கிரீஸ் இருப்பது ஞாபகம் வந்து, நெற்றியை முழங்கையால் தேய்த்துக்கொண்டாள்.

‘அதுக்கு நம்ம பாஷை புரியும் அண்ணி’ என்றாள் மிளகா. ‘பாலத்துகிட்ட நிக்குதில்ல, நான் என்ன பண்ணுவேன் தெரியுமா, மூடியத் தொறந்து உள்ளார நாலு கெட்ட வார்த்தை சொல்லுவேன். மூடுவேன். இழுப்பேன். கிளம்பிடும். ஒரு நாள் மரியாதையா பேசிப் பாத்தேன், அதுக்கும் கிளம்பிச்சு.’ ‘பெட்ரோலுக்குக் காது இருக்காக்கும்.’ ‘காது இருக்கோ இல்லையோ, ரோஷம் இருக்கு’ என்று அவள் சொல்லிக்கொண்டே போக, இவள் சிரித்துக்கொண்டே டியூபைப் பழையபடி மாட்டி, மூடியைத் திருகும்போது சிரிப்பு பாதியிலேயே நின்றது... மூடியைத் திறந்து. திறந்தால் கிளம்புகிறது. தானும் ஒவ்வொரு தடவையும் அதைத்தானே செய்தாள், வண்டி நின்றதும் பெட்ரோல் இருக்கிறதா என்று மூடியைத் திறந்து பார்ப்பது, இருக்கிறதே என்று மூடுவது, இழுப்பது, பார்த்துப் பார்த்தே குணப்படுத்திவிட்டு, நோய் என்ன என்று தேடிக்கொண்டிருந்திருக்கிறாள், இப்போது குழாயைச் சோதித்தபோதுகூட மூடி திறந்துதானே கிடந்தது. அடி முட்டாளே. ‘மிளகா, பேசாத. கொஞ்ச நேரம் மூச்சுகூட விடாத.’ மூடியை இறுக்கினாள், இழுத்தாள், ஓட விட்டாள், இந்த முறை எங்கும் கை வைக்காமல் காத்திருந்தாள். ஓடியது, ஓடியது, பாலத்துக்குப் போகிற நேரம் அளவுக்கு ஓடியிருக்கும், ரெண்டு இருமல், ஒரு இழுவை, நின்றது. அந்த அமைதியில் காதை மூடியோடு ஒட்டி வைத்து மெல்லத் திருகினாள். ஸ்ஸ்ஸ்... என்று டேங்க் காற்றை உள்ளே இழுத்தது, தண்ணீருக்குள் முங்கி எழுந்தவன் வாயைத் திறக்கிற மாதிரி.

மூச்சு. டேங்க்கும் மூச்சு விடணும்ல... வெளியே போகிற பெட்ரோலுக்குப் பதிலாக உள்ளே காற்று வர வேண்டும், அதற்குத்தான் மூடியில் ஒரு ஓட்டை, ஓட்டை அடைத்துக்கொண்டால் கொஞ்ச தூரம் ஓடும், அப்புறம் உள்ளே வெறும் இழுப்புதான், சொட்டுகூட இறங்காது. அடுத்தவர் இன்ஜின் என்றால் முதலில் மூடியைத்தான் பார்ப்பாள், சொந்த இன்ஜினுக்கு வயிற்றைக் கிழித்துப் பார்த்திருக்கிறாள், ஏனென்றால் அந்த ஓட்டைமேல் அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை, அதன் மேலே இருந்த சின்ன டியூப் மக்கி விழுந்தபோது கம்பியை விட்டு நன்றாகக் குடைந்து பெரிதாக்கியவளே அவள்தான். மூச்சு விடணும்ல என்ற அந்த வாக்கியம் மட்டும் காதில் அவள் குரலில் கேட்கவில்லை, கொத்தனார் குரலில் கேட்டது. கல்யாணத்துக்கு முன்னால், கட்டட வேலையில் கலவை கலக்குகிற மிஷின், அதன் இன்ஜின் நின்று நின்று போகிறது என்று தோளில் தூக்கிக்கொண்டு வந்தான், அப்போது மீசை சரியாக முளைக்கவில்லை, இவள் ஸ்பேனரைக்கூட எடுக்காமல் மூடியைக் கழற்றி ஓட்டையில் ஒட்டியிருந்த சிமெண்ட்டை ஊசியால் குத்தி எடுத்துவிட்டு, ‘டேங்க்கும் மூச்சு விடணும்ல’ என்றாள், அவ்வளவுதான் அவள் சொன்னது, மறுநாள் நன்றாக ஓடுகிற இன்ஜினைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றான், என்ன கோளாறு என்று கேட்டால், ‘மூச்சு விடுதான்னு பாருங்க’ என்கிறான், அதற்கு அடுத்த வாரமும் வந்தான்... கல்யாணத்துக்கு அப்புறமும், அவள் அடுப்படியில் புகைக்குள் நின்றால் ஜன்னலைத் தள்ளித் திறந்துவிட்டு அதே வாக்கியத்தைச் சொல்வான். அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே மூடியைக் கவிழ்த்தாள்.

உள்பக்கம் ரப்பர் வாஷரை ஒட்டி ஏதோ அப்பியிருந்தது, எண்ணெயும் தூசியும் படிந்து ரப்பரோடு ரப்பராகக் கறுத்திருந்தது, தெரியாதவர்கள் பார்த்தால் மூடியே அப்படித்தான் என்று நினைப்பார்கள். ஸ்க்ரூடிரைவர் நுனியால் நெம்பினாள், பெரிய காசு அளவில் ஒரு வில்லை பெயர்ந்து உள்ளங்கையில் விழுந்தது, நகத்தால் கீறினாள், உள்ளே மஞ்சள். சோப்பு. துணி துவைக்கிற சோப்பு. பெட்ரோலில் கரையாது, டேங்க் ஒழுகினால் எல்லோரும் செய்கிற வேலைதான், சோப்பைப் பிசைந்து அழுத்திவிட்டால் ஒழுகல் நின்றுவிடும், ஆனால் இது ஒழுகுகிற இடம் இல்லையே... நடுவில் ஒரு குழி, கட்டைவிரலால் அழுத்திய குழி. தன் விரலை வைத்துப் பார்த்தாள், இவளுடைய விரல் அதில் பெரியவர் செருப்புக்குள் குழந்தையின் கால் மாதிரி ஆடியது, மிளகாவுடையது இன்னும் ஒல்லி. ஓரத்தில் தன் விரலை அழுத்தி எடுத்தாள், ரேகை வரிவரியாக விழுந்தது. குழிக்குள் அப்படி ஒன்றும் இல்லை, கரண்டியின் வயிறு மாதிரி வழவழவென்று இருந்தது. செல்போன் கடையில் சிம் வாங்கப் போனபோது விரல் வைக்கிற மிஷின் கொத்தனாரை ஏற்கவே இல்லை, அந்தப் பெண் துடைத்துத் துடைத்துப் பார்த்துவிட்டு, ‘சார், உங்களுக்கு ரேகையே இல்லையே’ என்றாள், அவன் வெட்கப்பட்டுக்கொண்டு, ‘சிமெண்ட்டு தின்னுடுச்சும்மா’ என்றான், வரும்போது வழியெல்லாம் இவள் கேலி செய்துகொண்டு வந்தாள், திருட வசதியான கை கொத்தனாரே, பிடிக்கவே முடியாது...

‘என்னாச்சு அண்ணி, பேயறைஞ்ச மாதிரி நிக்கறீங்க?’ ‘ஒண்ணுமில்ல, மூடியில அழுக்கு.’ விரல்கள் தாமாகவே மடங்கிக்கொண்டன. ஏன் மறைத்தாள்? கல்லுடைக்கிற ஆட்கள் டீயில் பெட்ரோல் வாடை அடிக்கிறது என்று மிளகாவைக் கேலி செய்தார்கள், மேட்டில் ஏறும்போது ஓட்டை வழியாகச் சிதறிக் கேன்மேலும் அவள் பாவாடைமேலும் தெறிக்கிறது, ஒருநாள் சாப்பிடும்போது மிளகாவே சொன்னாள், கொத்தனாரும் கேட்டுக்கொண்டுதானே இருந்தான், தங்கையை நாலு பேர் கேலி செய்கிறார்களே என்று ஒரு துண்டு சோப்பை எடுத்து ஒழுகுகிற இடத்தை அடைத்திருப்பான், ஒழுகினால் அடைப்பதுதானே கொத்தனார் புத்தி, அதுவாகத்தான் இருக்கும். இருக்கும். ஆனால் அவனுக்குத் தெரியுமே, ஊரில் வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் அவனுக்குத் தெரியுமே, அந்த ஒரு வாக்கியத்தை வைத்துத்தானே அவளைக் கட்டிக்கொண்டான். தெரிந்தே அடைத்தானா? பாலத்தைத் தாண்டக் கூடாது, மேடு ஏறக் கூடாது, அதற்காகவா? அப்புறம் எதற்கு மேடு ஏறினால் இருக்கட்டும் என்று பந்தயம் மாதிரி ஒரு பேச்சு... சோப்புக்குப் பாலம் எங்கே இருக்கிறது என்று தெரியுமா, மேட்டு நடுவில் நின்று பின்னால் உருண்டிருந்தால்? ஒரு கணம் காதெல்லாம் சூடாகி, கையில் இருந்ததை ஓங்கி எறியலாம் போல இருந்தது. எறியவில்லை. இல்லை, அவள் கண்டுபிடித்துவிடுவாள் என்று தெரிந்தே வைத்தானா, நான் நிறுத்திப் பார்த்துவிட்டேன், இதற்கு மேல் மெக்கானிக் பாடு என்று... ஒரு மனுஷனோடு இத்தனை காலம் ஒரே பாயில் படுத்தும், ஒரு துண்டு சோப்புக்குள் அவன் என்ன நினைத்தான் என்று தெரியவில்லை. சோப்பு வில்லையை இடுப்பில் செருகிக்கொண்டு, ஊசியை எடுத்து ஓட்டையைச் சுத்தமாகக் குத்திவிட்டு, வாயை வைத்து ஊதினாள், காற்று அந்தப் பக்கம் போனது. ஓட்டைமேல் ஒரு துண்டு டியூபைச் செருகி அதன் வாயைக் கைப்பிடிக்கு மேலே தூக்கிக் கட்டினாள், இனி தெறிக்கவும் தெறிக்காது, அடைக்கவும் வேண்டாம், இதை முன்னாலேயே செய்திருக்கலாம், அவளுக்கு இதில் ஒரு பங்கு உண்டுதான்.

‘ஏறு. மேட்டுல முதல் கியர்லயே போ, வளைவுல முறுக்காத.’ ‘தெரியும் அண்ணி, எருமைக்கு நான் சொல்லிக்கறேன்.’ மிளகா கேனைக் கட்டினாள், பையை மாட்டினாள், காலைத் தூக்கி வைத்தாள், கயிற்றை இழுத்தாள், போய்விட்டாள், தெருவெல்லாம் பட்பட்டென்று சிரிக்கிற மாதிரி. அவள் போன திசையைப் பார்த்துக்கொண்டு இவள் நின்றபோது எதிர்ப்பக்கமாகக் கொத்தனார் வந்தான், முழங்கால்வரை சாம்பல், கண்ணிமையில்கூட சிமெண்ட். ‘என்ன மெக்கானிக், எருமை எங்க?’ ‘மேட்டுக்குப் போயிருக்கு.’ அவன் பையை இறக்கப் போனவன் இறக்காமல் நின்றான். வண்டிச் சத்தத்தை ரெண்டு பேரும் காது கொடுத்துக் கேட்டார்கள். பஞ்சர் கடை. ஓடைப் பாலத்தின் பலகைகள் கடகடவென்றன. அதற்கு அப்புறம்தான், வழக்கமாக இருமுகிற இடம், இவள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை, பார்க்காமலிருக்க முயற்சி செய்தாள்... சத்தம் கனத்தது, இறங்கிய குரலில் முக்கிக்கொண்டு ஏறியது, வளைவில் ஒரு கணம் தேய்ந்தது, மறுபடி எழுந்தது, மெலிந்து மெலிந்து மேட்டுக்கு அந்தப் பக்கம் போயிற்று, உச்சியிலிருந்து நீளமாக ஒரு ஹாரன். கொத்தனார் பையைக் கீழே வைத்தான். ‘ஏறிடுச்சு.’ ‘ஏறிடுச்சு.’ செல்போனை எடுத்து, ‘அண்ணே, வர வேணாம்... இல்லண்ணே, எங்க வீட்டுப் பெரிய மனுஷி மேடு ஏறிட்டா’ என்றான், இரும்புக்காரனுக்கு என்ன புரிந்ததோ, இவன் மட்டும் சிரித்தான், சிரிப்பில் பொய் தெரியவில்லை, உண்மை என்றும் சொல்லிவிட முடியவில்லை. ‘என்ன கோளாறு?’ என்றான் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் நடந்துகொண்டே. ‘மூச்சு அடைச்சிருந்துச்சு’ என்றாள்.

அவன் குழாயைத் திறந்தான். தண்ணீர் விழுந்தது. சோப்பு வைக்கிற தகட்டைத் தடவினான், அது காலியாக இருந்தது. ‘சோப்பு எங்க?’ அவள் கை இடுப்பிலிருந்த வில்லையை எடுத்துக்கொண்டு தானாக நீண்டது, தானாகத்தான் நீண்டதா என்று அப்புறம் யோசித்தபோதும் அவளுக்குத் தெரியவில்லை, விரல்கள் திறந்தன, அவன் பார்க்காமலே எடுத்தான், எடுத்த வேகத்தில் கட்டைவிரல் போய்க் குழியில் உட்கார்ந்தது, இடம் தேடவே இல்லை, பிறந்த வீட்டுக்குப் போகிற மாதிரி நேராகப் போய் உட்கார்ந்தது. தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தது. அவன் கையைத் தேய்த்தான், கறுப்பு நுரை வந்தது, அப்புறம் சாம்பல் நுரை, அப்புறம் வெள்ளை, வெகு நேரம் தேய்த்தான், குழி கொஞ்சம் கொஞ்சமாக வழுக்கிக் கரைந்துகொண்டிருந்தது. கையை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனான். ‘பெட்ரோல் வாடை அடிக்குது’ என்றான். கையைச் சொன்னானா, அவள் கேட்காத கேள்விக்குப் பதில் சொன்னானா... அவள் தோளில் கிடந்த துண்டை எடுத்து நீட்டினாள்.